ஓய்வூதிய விதிகளும் மலைநாட்டு வரலாறும்

ஓர் அரசின் இயல்பை அறிய விரும்புவோர் அதன் போர்களையும் உடன்படிக்கைகளையும் சட்டசபைகளையும் ஆராய்வது வழக்கம். அவ்வரசு தனக்கு உழைத்தோரை அவர்தம் முதுமையில் எவ்வாறு பேணிற்று என்பதும் அவ்வாறே ஆராயத்தக்கதொன்றாகும். உழைக்கும் வலியுள்ளவனுக்குச் சம்பளம் கொடுத்தல் எவ்வரசுக்கும் இன்றியமையாதது; வலியிழந்தவனுக்குக் கொடுத்தலோ அவ்வரசு அவனை யாராகக் கருதிற்று என்பதைக் காட்டுவது. இந்நோக்குடன் இலங்கையிற் பிரித்தானியராட்சிக் காலத்து ஓய்வூதிய விதிகளை ஆராயுமிடத்து, அவ்விதிகள் அலுவலகக் கோப்புகளுள் அடங்கிக் கிடந்தனவல்ல என்பதும், மலைநாட்டின் காடுகளையும் தோட்டங்களையும் அங்கு வாழும் மக்களின் நிலையையும் அவை தொட்டு நின்றன என்பதும் புலனாகும்.

1802ஆம் ஆண்டில் இலங்கையின் கரையோரப் பகுதிகள் முடிக்குரிய குடியேற்றநாடாயின. அவற்றை ஆளுதற்கு இங்கிலாந்திலிருந்து இளைஞர் வருவிக்கப்பட்டு இலங்கைச் சிவில் சேவை உருவாயிற்று. நோயும் வெப்பமும் மிக்க நாட்டிற்குத் தூரதேசத்திலிருந்து இளமையிலேயே வருவோர்க்கு உயர்ந்த சம்பளமும், பணிமுடிவில் ஊர் திரும்பி வாழ ஓய்வூதியமும் வேண்டும் என்பது அக்காலக் கொள்கை. 1815இல் கண்டியரசு வீழ்ந்தபின் நிருவாகம் விரிந்தது, செலவும் பெருகிற்று. வரவினும் செலவு மிகுந்தமையால், 1829இல் கோல்புறூக்கும் அவரைத் தொடர்ந்து கமரனும் விசாரணை ஆணையாளராக வந்தனர். இவர்தம் பரிந்துரைகளின் பயனாக 1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. 1833இல் சட்டநிரூபண சபையும் நிருவாக சபையும் தோன்றின. இவற்றை வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசும். ஆயின் அதே சீர்திருத்தத்தின் ஒரு பகுதியாகச் சிவில் சேவையாளரின் சம்பளங்கள் குறைக்கப்பட்டன என்பதும், அவர்களுக்கிருந்த ஓய்வூதிய ஏற்பாடு நீக்கப்பட்டது என்பதும் பெரும்பாலும் ஒரு வரியிற் கூறிக் கடக்கப்படுவன. மலைநாட்டைப் பொறுத்தவரை அவ்வொரு வரியே பெரிது.

இதிற் காணும் முரண்பாடு கருதற்பாலது. இலங்கையில் ஓய்வூதியம் நீக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1834இல், பிரித்தானியப் பாராளுமன்றம் தன் நாட்டு அரசாங்க ஊழியருக்குச் சேவைக்காலத்துக்கேற்ற ஓய்வூதியத்தைச் சட்டத்தால் ஒழுங்குசெய்தது. தாய்நாட்டில் நியாயமெனக் கொள்ளப்பட்டது குடியேற்றநாட்டில் வீண்செலவெனக் கொள்ளப்பட்டது.

விளைவு விரைவில் வெளிப்பட்டது. முதுமைக்கு உறுதியற்ற உத்தியோகத்தர் தம் பொருளைத் தாமே தேடத் தலைப்பட்டனர். காலமும் அதற்கு இசைந்தது. 1835இல் பிரித்தானியா இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பிக்கும் இறக்குமதித் தீர்வையைச் சமமாக்கியது. கோப்பியின் இலாபம் உயர்ந்தது. முடிக்குரிய காணி ஏக்கர் ஐந்து சிலிங் என்னும் குறைந்த விலைக்கு விற்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உரிமை நாட்டப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கருத இடமளித்தது. சிவில் சேவையாளர் பயிர்செய்கையில் ஈடுபடுவதற்குத் தடையும் அக்காலத்தில் இருக்கவில்லை. தேசாதிபதி ஸ்டுவர்ட் மெக்கென்சி, குடியேற்றநாட்டுச் செயலாளர் அன்ஸ்ட்ரதர், மகாவம்சத்தை ஆங்கிலத்திற் பெயர்த்துப் புகழ்பெற்ற ஜோர்ஜ் ரேணர் முதலியோரும் காணி வாங்கினோருள் அடங்குவர். நீதிபதிகளும் படையதிகாரிகளும் மதகுருமாருங்கூட மலையேறினர். 1845இற் குடியேற்றநாட்டுச் செயலாளராக வந்த எமர்சன் ரெனன்ற், 1859இல் வெளியிட்ட தம் நூலில் இந்நிலையைக் குறிப்பிட்டு, சிவில் சேவையாளருட் பாதிப்பேர் காணி வாங்கினரென எழுதியுள்ளார்.

கண்டி, கம்பளை, புசல்லாவ, அம்பகமுவ ஆகிய பகுதிகளிலேயே இவ்வேட்கை முதலில் மூண்டது. இன்று ஹட்டன் நகர் அமைந்துள்ள உயர்நிலமும் டிக்கோயா, டிம்புல பள்ளத்தாக்குகளும் அக்காலத்திற் பெரும்பாலும் அடர்வனமாகவே இருந்தன. பிற்பட்ட பத்தாண்டுகளிலேயே அவை வெட்டித் திருத்தப்பட்டன. ஆயினும் காணி விற்பனை முறை, தோட்டத்துரையின் அதிகாரம், தென்னிந்தியத் தொழிலாளரை வருவித்தல் என்பனவெல்லாம் உருப்பெற்ற காலம் அதுவே. அவ்வுருவே பின்னர் ஹட்டன் மலைகளிலும் பதிந்தது.

உத்தியோகத்தர் தோட்டக்காரரானதால் எழுந்த தீமைகள் மூன்று. முதலாவது, விற்பவரும் வாங்குபவரும் ஒருவரே ஆயினர். ஒரு காணி முடிக்குரியதா, கிராமத்தவருக்குரியதா என்று தீர்மானிக்கவேண்டிய அதிகாரியே அக்காணியை விரும்புவோருள் ஒருவராயின், கிராமத்தவன் எவரிடத்து முறையிடுவான்? இரண்டாவது, நீதி சாய்ந்தது. 1841ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச்சட்டப்படி எசமானுக்கும் கூலியாளுக்குமிடையே எழும் வழக்குகள் நீதவான் முன் வந்தன. அந்நீதவான்தாமே ஒரு தோட்டத்துக்கு உடையவராயின், அவர் தீர்ப்பு எப்பக்கம் சாயும் என்பது கூறாமலே விளங்கும். மூன்றாவது, அரசாங்க வேலை பின்தள்ளப்பட்டது. மன்னார்க் கரையில் இறங்கி வடபாதை வழியே கால்நடையாக மலைநாடு நோக்கி வந்த தொழிலாளர் நோயாலும் பட்டினியாலும் பெருந்தொகையினராக மடிந்த ஆண்டுகள் அவை. அவர்களைக் கவனிக்கவேண்டியோரின் கண்கள் கோப்பிச் செடியின்மீது இருந்தன.

இந்நிலையைக் கண்ட பிரித்தானிய அரசாங்கம் விழித்துக்கொண்டது. இராச்சியச் செயலாளர் ஸ்டான்லி பிரபுவின் சீர்திருத்தங்கள் 1845இல் நடைமுறைக்கு வந்தன. சிவில் சேவையாளர் பயிர்ச்செய்கையிலும் வாணிகத்திலும் ஈடுபடல் தடைசெய்யப்பட்டது, சம்பளம் உயர்த்தப்பட்டது, ஓய்வூதியம் மீண்டும் வழங்கப்பட்டது, சுதேச மொழியறிவும் வற்புறுத்தப்பட்டது. தடையும் ஓய்வூதியமும் ஒருங்கே வந்தமை தற்செயலன்று. முதுமைக்கு வழிகாட்டாது நேர்மையை மட்டும் கோருதல் பயன்படாது என்பதைப் பன்னிரண்டாண்டு அனுபவம் அவ்வரசாங்கத்துக்குக் கற்பித்திருந்தது. ஓய்வூதியம் இரக்கத்தாற் கொடுக்கப்படும் கொடையன்று. நல்லாட்சிக்குக் கொடுக்கப்படும் விலை என்பதே அப்பாடம்.

இதன்பின் ஓய்வூதிய விதிகள் படிப்படியாக விரிந்து வளர்ந்தன. பிரித்தானியாவில் 1859ஆம் ஆண்டுச் சட்டம் சேவையாண்டு ஒவ்வொன்றுக்கும் சம்பளத்தின் அறுபதிலொரு பங்கு என்றும், நாற்பது பங்குக்கு மேற்படாது என்றும் அளவு வகுத்தது. குடியேற்றநாடுகளின் விதிகளுக்கு இத்தகைய கணக்குமுறை முன்மாதிரியாயிற்று. இந்திய சிவில் சேவையினர் சேவைமுடிவில் ஆண்டுக்கு ஆயிரம் பவுண் பெற்றமை யாவரும் அறிந்தது. இலங்கையில் 1898ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் அரசாங்க உத்தியோகத்தரின் விதவைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் ஓய்வூதிய நிதியொன்றை நிறுவிற்று. இளைப்பாற விரும்பிய உத்தியோகத்தரின் விண்ணப்பம் திணைக்களத் தலைவர் வழியாக மேலே செல்லும். வயது, சேவைக்காலம், நடத்தை என்பன ஆராயப்படும். உடல்நலக் குறைவைக் காரணங்காட்டுவோர் வைத்தியச் சான்று காட்டவேண்டும். ஓய்வூதியம் பெற்றோரின் விவரங்கள் ஆண்டுதோறும் நீலப்புத்தகத்திற் பதிக்கப்பட்டன.

இவ்விதிகளின் உள்ளே ஒரு கடிவாளமும் இருந்தது. எந்த அரசாங்க ஊழியருக்கும் ஓய்வூதியம் பெறும் முழு உரிமை இல்லை என்பதே ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின் முதல் விதி. நடத்தைக் குறைவு காணின் அது குறைக்கப்படலாம், மறுக்கவும்படலாம். இளைப்பாறுதல் வேறு, பதவி துறத்தல் வேறு. 1904இல் யாழ்ப்பாணத்திற் பணிதொடங்கிக் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் கடமையாற்றிய லெனாட் வூல்ப், 1912இல் இடையிலேயே பதவி துறந்து ஓய்வூதிய வாழ்வையும் துறந்தார். அவ்வாறு துறக்கத் துணிந்தோர் சிலரே. ஏனையோர் இளைப்பாறும் நாள்வரை நாவடக்கம் பேணினர்.

எனினும் இளைப்பாறியபின் அந்நா அவிழ்ந்ததற்கும் சான்றுண்டு. பொன்னம்பலம் அருணாசலம் 1875இல் போட்டிப் பரீட்சை வாயிலாக இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதல் இலங்கையர். பதிவாளர் நாயகமாகவிருந்து 1901ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பை நடாத்தியவர் அவரே. முப்பத்தெட்டாண்டுச் சேவைக்குப்பின் 1913இல் இளைப்பாறினார். அவருடைய பொதுவாழ்வின் பெரும்பகுதி அதன் பின்னரே மலர்ந்தது. 1915இற் சமூகசேவைக் கழகத்தையும், 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தையும் அமைத்தார். அதே ஆண்டில் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவருமானார். தோட்டத் தொழிலாளியைக் கடனாற் பிணித்த துண்டு முறையும், வேலையை விட்டு நீங்கியவனைச் சிறையிலிடச் செய்த 1865ஆம் ஆண்டுச் சட்ட ஏற்பாடுகளும் ஒழியவேண்டுமெனப் பாடுபட்டோருள் அவர் முதன்மையானவர். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அரசாங்கம் தந்த ஓய்வூதியத்தால் வாழ்ந்த ஒருவர், ஓய்வூதியம் என்னும் சொல்லையே அறியாத மக்களுக்காகக் குரலெழுப்பினார் என்பது நினைவுகூரத்தக்கது.

ஓய்வூதியம் நம் சமூகத்திலும் தன் தடத்தைப் பதித்தது. மலாயாவில் அரசாங்க சேவையிலும் புகையிரத சேவையிலும் உழைத்துத் திரும்பிய மலாயன் பென்சனியர் யாழ்ப்பாணக் கிராமங்களிற் கல்வீடு கட்டினர். கோயிற்றிருப்பணிக்கும் பாடசாலைக்கும் பொருளுதவினர். 'நிரந்தரமானது, ஓய்வூதியத்துக்குரியது' என்று நியமனக் கடிதத்திற் காணப்படும் தொடர் ஒரு குடும்பத்தின் நிலையையே மாற்றவல்லதாயிற்று. ஆனால் அத்தொடர் எல்லார்க்கும் உரியதன்று. 1884இற் புகையிரதப் பாதை ஹட்டனை அடைந்தது. நிலையத்தின் நிரந்தர உத்தியோகத்தர் ஓய்வூதியத்துக்குரியவராயினர். மலையைக் குடைந்து அப்பாதையை அமைத்த நாட்கூலிகளுக்கு அவ்வுரிமை இருக்கவில்லை. அப்பாதையில் ஏற்றப்பட்ட தேயிலையைக் கொய்தவர்க்கோ அதுபற்றிய பேச்சும் எழவில்லை. அவர்கள் முதுமையடைந்தபோது இலகுவேலையொன்று கிடைத்தால் அதைச் செய்தனர். இன்றேல் பிள்ளைகளின் பெயர்ப்பதிவை நம்பி லயத்தின் ஒரு மூலையில் ஒதுங்கினர். லயக்காம்பராவும் வேலையோடு பிணைந்ததாதலின், உழைப்பு நீங்கியவனுக்கு இருப்பிடமும் உறுதியில்லை.

ஆட்சிமாற்றக் காலத்தில் இவ்வேறுபாடு இன்னுந் தெளிவாயிற்று. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, அதிகாரம் மாறியதால் தொடர்ந்து பணியாற்ற விரும்பாத ஐரோப்பிய உத்தியோகத்தர் முன்கூட்டியே இளைப்பாறி ஓய்வூதியம் பெற வழிவகுக்கப்பட்டது. 1947 நவம்பர் 11ஆம் நாள் பிரித்தானியாவுக்கும் இலங்கைக்குமிடையே பாதுகாப்பு, வெளிவிவகாரம், அரசாங்க உத்தியோகத்தர் என்னும் மூன்று பொருள்பற்றி மூன்று உடன்படிக்கைகள் கைச்சாத்தாயின. இவற்றுள் மூன்றாவது, இளைப்பாறும் பிரித்தானிய உத்தியோகத்தரின் ஓய்வூதியத்தையும் நட்டஈட்டையும் சுதந்திர இலங்கையின் பொறுப்பாக்கியது. அக்காலத்தில் இலங்கையின் ஏற்றுமதி வருவாயிற் தேயிலையே முதலிடம் வகித்தது. ஆகவே கடல்கடந்து சென்றோரின் முதுமையைத் தாங்கிய பொருளில் ஒரு பகுதி ஹட்டன் முதலாய மலைகளில் உழைத்தோரின் கைப்பயனே.

அவ்வுடன்படிக்கைக்குப்பின் ஓராண்டு கழிந்து சில நாட்களுள், 1948 நவம்பர் 15இல், 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். நாட்டைவிட்டுச் செல்லும் அதிகாரியின் இறுதிக்கால உரிமை சர்வதேச உடன்படிக்கையாற் காக்கப்பட்டது. நாட்டிலேயே பிறந்து உழைத்தவனின் இருப்புரிமை சட்டத்தால் நீக்கப்பட்டது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குதல் வரலாற்று மாணவரின் கடமையாகும்.

தொழிலாளிக்கு முதுமைப் பாதுகாப்பு வந்தது 1958இலேயே. அவ்வாண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் ஊழியர் சேமலாப நிதியை நிறுவிற்று. 1845இல் அரசாங்கம் தன் அதிகாரிகளிடமிருந்து கற்ற பாடம் தொழிலாளியை அடைய 113 ஆண்டுகள் சென்றன. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தபோது, அவர்கள் தம் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் உடன்கொண்டு செல்லலாம் என்று அதிற் குறிக்கவேண்டியதாயிற்று. பலருக்கு அதுவே ஒரு வாழ்நாளின் முழுச்சேமிப்பாயிருந்தது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் பணிக்கொடையைச் சட்டவுரிமையாக்கியது. எனினும் சேமலாப நிதியும் பணிக்கொடையும் ஒருமுறை கைக்குவந்து செலவாகும் பொருள். ஓய்வூதியமோ உயிருள்ளவரை மாதந்தோறும் வருவது. மகளின் திருமணத்திலும் பழங்கடனிலும் அப்பொருள் கரைந்துவிட்டபின் முதுமை மீண்டும் பிறர் கையையே நோக்கி நிற்கும்.

இலங்கைச் சிவில் சேவை 1963 மே முதலாம் நாள் ஒழிந்தது. அதன் அதிகாரிகள் எழுதிய இளைப்பாறல் விண்ணப்பங்கள் இன்று சுவடிக்கூடத்துக்குரியன. ஆனால் அவற்றினின்று பெறப்படும் உண்மை பழமையுறவில்லை. முதுமைக்கு உறுதியில்லாத இடத்தில் அதிகாரமுள்ளவன் பொதுப்பொருளைத் தன் பொருளாக்குவான். அதிகாரமில்லாதவன் தன் பிள்ளைகளின் இளமையை அடகுவைப்பான். முன்னையதை 1833 முதல் 1845 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகள் காட்டின. பின்னையதை மலைநாட்டுத் தோட்டங்கள் பல தலைமுறைகளாகக் காட்டின. உழைப்பைப் பெற்றுக்கொண்ட நாடு உழைத்தவனின் மாலைக்காலத்துக்கும் பொறுப்புடையது என்னும் கொள்கை எல்லார்க்கும் ஒப்ப வழங்கப்படும் நாளிலேயே அவ்வரலாறு நிறைவெய்தும்.