பாதி உயிரோடு ஒரு கிருமி: மலேரியா தடுப்பூசி பிறந்த கதை

குன்னூர் பாஸ்டர் நிலையத்தை வெறிநாய்க்கடி ஊசிக்காகவே நம்மில் பலரும் அறிவோம். மலேரியா தடுப்பூசியின் கதையிலும் அதற்குப் பங்கு உண்டு. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸலும் அவரோடு பணியாற்றிய பி. என். மோகனும் 1940களின் தொடக்கத்தில் அங்கே கோழிகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். கோழி மலேரியாக் கிருமியைக் கொசுவிலிருந்து எடுத்து, புற ஊதாக் கதிரால் செயலிழக்க வைத்து, ஊசியாகப் போட்டார்கள். நோய் வராமல் போகவில்லை. ஆனால் அதன் கடுமை தணிந்தது, கோழிகள் சாவதும் குறைந்தது. 1942இல் கட்டுரை வெளியானது. பிறகு டி.டி.டி. பூச்சிக்கொல்லி வந்தது. கொசுவையே ஒழித்துவிடலாம் என்று உலகம் நம்பியது. ரஸ்ஸலே அந்த நம்பிக்கையின் முன்னணிக் குரலானார். தடுப்பூசி யோசனை கிடப்பில் போனது.

அதை உயிர்ப்பித்தவர் ரூத் நுசென்ஸ்வைக். 1928இல் வியன்னாவில், யூத மருத்துவர் தம்பதிக்குப் பிறந்தவர். நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்தபின் குடும்பம் பிரேசிலுக்குத் தப்பியது. சாவோ பாலோவில் மருத்துவம் படித்தபோது சந்தித்த விக்டரை மணந்து, பின்னர் இருவரும் நியூயார்க் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சிக்காகப் போனார்கள். 1964இல் பிரேசிலில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் நாடு திரும்பி வாழும் எண்ணத்தைக் கைவிட நேர்ந்தது.

கொசு கடிக்கும்போது அதன் உமிழ்நீரோடு நம் உடலில் இறங்கும் கிருமிக்கு ஸ்போரோசோயிட் என்று பெயர். அது முதலில் போய்ச் சேருமிடம் கல்லீரல். அங்கே ஆயிரக்கணக்கில் பெருகிய பிறகே ரத்தத்தில் இறங்கிச் சிவப்பணுக்களைத் தாக்கும். குளிரும் காய்ச்சலும் அப்போதுதான் தெரியும். மலேரியா மிகுந்த ஊர்களில் வாழ்பவர்களுக்கே பலமுறை காய்ச்சல் கண்டபின்தான், அதுவும் அரைகுறையாக, எதிர்ப்பாற்றல் வருகிறது. இப்படிப்பட்ட கிருமிக்குத் தடுப்பூசி ஆகாது என்று பலர் கைவிரித்ததில் வியப்பில்லை.

ரூத் சுண்டெலி மலேரியாவை எடுத்துக்கொண்டார். கிருமியை முழுதாகக் கொன்றால் பயன் குறைவு. உயிரோடு விட்டால் நோய் வந்துவிடும். இரண்டுக்கும் இடையே ஒரு நிலை வேண்டும். கல்லீரலுக்குள் நுழையும் அளவுக்கு அதற்கு உயிர் இருக்க வேண்டும், பெருகி வெளியேறும் வலு மட்டும் இருக்கக் கூடாது. அந்த நிலையை எக்ஸ்கதிர் தந்தது. கொசுக்களின் நுண்ணிய உமிழ்நீர்ச் சுரப்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துத் திரட்டிய கிருமிகளின் மேல் கதிரைப் பாய்ச்சி எலிகளுக்குச் செலுத்தினார்கள். பிறகு வீரியமுள்ள கிருமியைக் கொடுத்தபோது பல எலிகள் நோயின்றித் தப்பின. 1967இல், ஜெரோம் வாண்டர்பெர்க் முதலானவர்களோடு ரூத் எழுதிய கட்டுரை 'நேச்சர்' இதழில் வந்தது. தொடர்ந்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது. நோயுள்ள எலியின் ரத்தத்தை ஏற்றினால் இந்தப் பாதுகாப்பு நிற்கவில்லை. உடல் அடையாளம் கண்டுகொண்டது கொசு கொண்டுவரும் அந்த முதல் வடிவத்தை மட்டும்தான்.

1970களின் தொடக்கத்தில் மேரிலாந்தில் ஆய்வாளர் டேவிட் கிளைட், கதிர்பட்ட கொசுக்களை மனிதர்களைக் கடிக்கவிட்டுப் பார்த்தார். கடிபட்டவர்களில் சிறைக்கைதிகளும் இருந்தார்கள். இன்று அதற்கு அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. பாதுகாப்பு என்னவோ கிடைத்தது. ஆனால் ஒருவருக்கு ஆயிரம் கடிபோல வேண்டியிருந்தது. ஊர் ஊராகக் கொசுவைக் கொண்டுபோய்க் கடிக்கவிட முடியுமா?

ஆகவே, கிருமியின் எந்தப் பகுதியை உடல் அடையாளம் காண்கிறது என்ற தேடல் தொடங்கியது. 1980இல் ரூத், விக்டர் குழுவினர் ஸ்போரோசோயிட்டின் மேலுறையில் இருக்கும் ஒரு புரதத்தைப் பிடித்தார்கள். மனிதரைத் தாக்கும் ஃபால்சிபாரம் கிருமியில் அதே புரதத்துக்கான மரபணு 1984இல் பிரிக்கப்பட்டது. நான்கே அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப வரும் விசித்திரமான அமைப்பு அது. அந்தத் துண்டை ஹெபடைட்டிஸ் பி கிருமியின் புரதத்தோடு இணைத்து, 1987இல் பெல்ஜியத்து ஆய்வகத்தில் ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசி உருவானது. அமெரிக்க ராணுவத்தின் வால்ட்டர் ரீட் நிலையமும் கைகொடுத்தது. ஊசியின் வீரியத்தைக் கூட்டச் சிலி நாட்டு மரப்பட்டைச் சாறு ஒன்றும் சேர்ந்தது. 1997இல் வெளியான சோதனையில், ஒரு கலவையைப் பெற்ற 7 பேரில் 6 பேருக்கு நோய் வரவில்லை.

2009இல் 7 ஆப்பிரிக்க நாடுகளில், 15,000க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் பெரும் சோதனை தொடங்கியது. நான்கு தவணையும் பெற்ற, ஐந்து மாதம் தாண்டிய குழந்தைகளிடம் நான்கு ஆண்டுகளில் மலேரியா 36 விழுக்காடு குறைந்தது. இவ்வளவுதானா என்று உதடு பிதுக்குபவர்களை என்னால் ஏற்க முடியாது. 2019 முதல் கானா, கென்யா, மலாவியில் போட்டுப் பார்த்தபோது, ஊசிக்குரிய வயதுக் குழந்தைகளின் மரணமே 13 விழுக்காடு குறைந்தது. பிள்ளையைப் புதைக்காத தாய்க்கு விழுக்காடு எதற்கு?

2021 அக்டோபர் 6 அன்று உலக சுகாதார நிறுவனம் இந்த ஊசியைப் பரிந்துரைத்தது. ரூத் அதைப் பார்க்கவில்லை. 2018 ஏப்ரலில் நியூயார்க்கில் காலமாகியிருந்தார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் உருவாக்கி, புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் ஆர்21 ஊசியும் 2023இல் பரிந்துரை பெற்றது. இரண்டு ஊசிகளுக்கும் அடிப்படை அந்த மேலுறைப் புரதம்தான்.