பொருள் வகுக்கும் மன்றில் யாழ்ப்பாணம்: ஆண்டு நிதி ஒதுக்கீடு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைப் பேணுதல், பேணியதைப் பங்கிட்டளித்தல் எனும் நான்கினையும் அரசின் கடன்களாகத் திருவள்ளுவர் எடுத்துரைத்தார். முதல் மூன்றும் அரசின் வலிமையைப் புலப்படுத்துவன. நான்காவது அதன் நேர்மையைப் புலப்படுத்துவது. மன்னராட்சியில் இப்பங்கீடு மன்னனின் விருப்பத்தைச் சார்ந்திருந்தது. மக்களாட்சியிலோ அது ஆண்டுதோறும் மக்கட் பிரதிநிதிகளின் வாக்கினாலேயே நிறைவேறுதல் வேண்டும். இலங்கைப் பாராளுமன்றம் ஒவ்வோர் ஆண்டும் நிறைவேற்றும் ஒதுக்கீட்டுச் சட்டம் இத்தத்துவத்தின் வெளிப்பாடேயாகும்.

இத்தத்துவம் நாட்டுக்கு நாடு வெவ்வேறு வடிவங் கொள்கின்றது. இலங்கையில் முழு ஆண்டுக்கும் ஒரே ஒதுக்கீட்டுச் சட்டம் போதுமானதாயிருக்க, அமெரிக்க ஐக்கிய நாட்டிலே இவ்வேலை பன்னிரண்டு சட்டமூலங்களாகப் பிரிக்கப்படுகின்றது. அவற்றுள் ஒன்று வர்த்தகத் திணைக்களம், நீதித் திணைக்களம், விண்வெளி ஆய்வு நிறுவனம் முதலான விஞ்ஞான நிறுவனங்கள் ஆகியவற்றுக்குரியது. மேலோட்டமாக நோக்குமிடத்து இம்மூன்று துறைகளுக்கும் தொடர்பில்லை போலத் தோன்றும். ஆயினும் ஒரு சமுதாயத்தின் பிழைப்பு, உரிமை, அறிவு என்பனவே வர்த்தகம், நீதி, விஞ்ஞானம் என்னும் பெயர்களில் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு, பொருள் வகுக்கும் மன்றில் யாழ்ப்பாணத் தீபகற்பம் எந்நிலையில் இருந்து வந்துள்ளது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மனுக்களின் காலம்

கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசுகளை அடியொற்றி 1833ஆம் ஆண்டிற் சட்டநிரூபண சபை தாபிக்கப்பட்டது. அரசாங்கத்தின் வரவு செலவு பற்றிப் பேசுதற்கு ஓர் அரங்கு அன்று உருவாயிற்று. எனினும் உத்தியோகத்தரே அதிற் பெரும்பான்மையினராயிருந்தனர். உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் பேசலாம். முடிவு தேசாதிபதியின் பக்கமே நிற்கும். 1864இல் இராணுவச் செலவை இலங்கையின் வருமானத்தின்மீது சுமத்துவது பற்றிய பிணக்கில் ஜோர்ஜ் வோல், லொறன்ஸ் முதலிய உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் பதவி துறந்தனர். பணம் யாருடையது, அதனைச் செலவிடும் அதிகாரம் யாருடையது என்ற வினா இந்நாட்டு அரசியலில் உரத்து எழுந்த முதற் சந்தர்ப்பங்களுள் இது ஒன்று எனலாம்.

இத்தகைய அமைப்பிலே தூரத்து மாகாணமொன்றின் தேவை மனுவாக மட்டுமே தலைநகரை அடைய முடிந்தது. கோப்பித் தோட்டங்களின் நலனை முன்னிட்டுக் கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இலேயே புகையிரதம் ஓடிற்று. யாழ்ப்பாணத்துக்கான பாதையோ பல்லாண்டுகள் கோரிக்கையாகவே இருந்து, 1905இலேதான் தென்னிலங்கையோடு முற்றாக இணைந்தது. இதனைத் தனியே இனப் பாகுபாடென்று கொள்ளுதல் பொருந்தாது. பொருள் வகுக்கும் இடத்திற் செல்வாக்குடையார்க்கு முன்னுரிமை கிட்டுவதும், இல்லாதார் காத்திருப்பதும் குடியேற்ற ஆட்சியின் இயல்பாயிருந்தது என்பதே மனங்கொள்ளத்தக்கது.

நான்கு வெற்று ஆசனங்கள்

1924ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பின் உத்தியோகப்பற்றற்றோர் 37 பேரும் உத்தியோகத்தர் 12 பேருமாகச் சபை அமைந்தது. உறுப்பினர்க்கு அதிகாரம் உண்டு, பொறுப்பில்லை என்பதே இவ்வமைப்பின் தலையாய குறையென 1928இல் வெளிவந்த டொனமூர் அறிக்கை சுட்டிற்று. அதன் சிபாரிசுப்படி 1931இல் அரசாங்க சபை தோன்றியது. சபையின் உறுப்பினர் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தனர். ஒவ்வொரு குழுவும் தன் துறையின் நிர்வாகத்தையும் மதிப்பீடுகளையும் ஆராய்ந்தது; குழுவின் தலைவரே அமைச்சரானார். தொழில், கைத்தொழில், வர்த்தகம் ஆகியவற்றுக்குரிய குழுவுக்குப் பெரி சுந்தரம் தலைமை தாங்கினார். நிதியும் நீதியும் குழுக்களின் கையில் ஒப்படைக்கப்படவில்லை. அவை முறையே நிதிச் செயலாளர், சட்டச் செயலாளர் என்னும் உத்தியோகத்தரிடமே விடப்பட்டன. இவ்விரண்டையும் ஏகாதிபத்தியம் இறுதிவரை தன் கைக்குள் வைத்திருக்க விரும்பியமை கருத்தூன்றி நோக்கற்பாலது.

இக்குறையே யாழ்ப்பாண இளைஞரின் சினத்துக்குக் காரணமாயிற்று. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கம், ஹன்டி பேரின்பநாயகம் முதலியோரின் வழிகாட்டலில் வளர்ந்தது. அது சாதிப் பாகுபாட்டையும் வகுப்புவாதத்தையும் எதிர்த்தது. முழுச் சுயராச்சியத்தையே வேண்டிநின்றது. 1931இல் நடந்த அதன் மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து கமலாதேவி சட்டோபாத்தியாய வருகை தந்தார். அவ்வாண்டின் தேர்தலிலே யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. தெற்கிலும் இதனைப் பின்பற்றுவர் என்ற எதிர்பார்ப்பு கைகூடவில்லை.

இப்பகிஷ்கரிப்பின் இலட்சியம் உயர்ந்ததென்பதில் ஐயமில்லை. ஆயினும் அரசாங்க சபை வெறும் பேச்சுமன்றமன்று. அது குழுக்களிற் கூடிப் பொருளை வகுக்கும் சபை. நான்கு ஆசனங்கள் வெறுமையாயிருந்தமையின் பொருள், ஏழு குழுக்களுள் எதிலும் தீபகற்பத்தின் குரல் ஒலிக்கவில்லை என்பதே. உலகப் பொருளாதார மந்தம் வாட்டிய அக்காலத்தில், 1932ஆம் ஆண்டின் இரண்டாம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் வாயிலாக வருமான வரி இந்நாட்டில் முதன்முறையாக விதிக்கப்பட்டது. திருவிதாங்கூர்ச் சந்தையை நம்பியிருந்த புகையிலைச் செய்கையாளரும், சம்பளத்தை நம்பியிருந்த உத்தியோகக் குடும்பங்களும் வாழ்ந்த தீபகற்பத்திலிருந்து, அவ்வரியை ஆதரித்தோ எதிர்த்தோ வாக்களிக்க ஒருவரும் சபையில் இருக்கவில்லை.

1934ஆம் ஆண்டின் இடைத்தேர்தல்களில் அருணாசலம் மகாதேவா, ஜீ. ஜீ. பொன்னம்பலம் முதலியோர் தெரிவாகினர். எனினும் ஆசனத்தை நிரப்புவது மாத்திரம் அதிகாரத்தைத் தந்துவிடவில்லை. 1936இல் ஏழு குழுக்களிலும் பெரும்பான்மை அமையுமாறு உறுப்பினர் பகிரப்பட, அமைச்சர் எழுவரும் சிங்களவராகவே அமைந்தனர். வராமலிருந்ததால் முன்பு இழந்ததை, வந்தபின் எண்ணிக்கையால் யாழ்ப்பாணம் மீண்டும் இழந்தது. பகிஷ்கரிப்பை மாத்திரம் குறைகூறும் வரலாற்றாசிரியர் இவ்விரண்டாம் நிகழ்ச்சியையும் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும்.

அமைச்சும் அதன் விலையும்

சுதந்திரத்தின் பின், 1948இல், ஜீ. ஜீ. பொன்னம்பலம் டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையிற் சேர்ந்து கைத்தொழில், மீன்பிடித் துறைகளுக்குப் பொறுப்பேற்றார். யாழ்ப்பாண அரசியல் பொருள் வகுக்கும் மன்றின் உள்ளே நேராக அமர்ந்த காலம் அதுவாகும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியை ஆரம்பித்தது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் வாழைச்சேனைக் காகித ஆலையும் அவரது பெயரோடு இணைத்துப் பேசப்படுகின்றன. தீபகற்பத்தின் சுண்ணாம்புக் கல் அதற்கு முன்பும் அங்கேதான் கிடந்தது. அதனைச் சீமெந்தாக்கியது அரசாங்கத்தின் நிதி. 1990இல் போரினால் உற்பத்தி நின்றுபோகும்வரை அவ்வாலை பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்வோடு பிணைந்திருந்தது.

ஆனால் அவ்வாசனத்துக்கும் விலை இருந்தது. மலையகத் தமிழரின் குடியுரிமைப் பிரச்சினையில் அரசாங்கத்தோடு நின்றமை தமிழ்க் காங்கிரசைப் பிளந்தது. 1949 டிசம்பரில் எஸ். ஜே. வி. செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சி உதயமாயிற்று. ஒருபுறம் ஆலை, மறுபுறம் தோட்டத் தொழிலாளரின் வாக்குரிமை. பெரும்பான்மையின் தயவாற் கிட்டும் நிதி, ஏதேனுமொரு கொள்கையை ஈடாகக் கேளாமற் கிட்டுவது அரிது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

நீதியும் அறிவும் ஆண்டுக் கணக்கும்

எல்லாத் துறைகளையும் ஆண்டுதோறும் ஒரே தராசில் நிறுத்தல் தகுமா? நீதித்துறையைப் பொறுத்தவரை ஆகாது என்றே வரலாறு விடையிறுக்கின்றது. நீதிபதியின் சம்பளத்தை ஆட்சியாளர் ஆண்டுதோறும் குறைக்கவோ நிறுத்தவோ இயலுமாயின் நடுநிலை நிலையாது. இங்கிலாந்தில் 1701ஆம் ஆண்டு முதல் வேரூன்றிய இக்கொள்கையைச் சோல்பரி யாப்பும் ஏற்றது. 1978ஆம் ஆண்டின் யாப்பும் உயர் நீதிமன்ற, மேன்முறையீட்டு நீதிமன்ற நீதியரசரின் சம்பளத்தைத் திரட்டு நிதியத்தின்மீது நேரடிப் பொறுப்பாக்கி, ஆண்டு வாக்கெடுப்பின் அலைகளிலிருந்து காத்தது. எனினும் இக்காப்பு நீதியரசரோடு நின்றுவிடுகின்றது. நீதிமன்றக் கட்டடம், எழுதுவினைஞர், மொழிபெயர்ப்பாளர், தட்டெழுத்தாளர் யாவரும் ஆண்டு ஒதுக்கீட்டையே நம்பியுள்ளனர். 1988ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தம் நீதிமன்றங்களிலே தமிழின் இடத்தை வரையறுத்தது. அதனை நடைமுறைப்படுத்த ஆளணி வேண்டும். ஆளணிக்கு நிதி வேண்டும். நிதியில்லா உரிமை ஏட்டுச்சுரைக்காயாகவே முடியும்.

விஞ்ஞானத்தின் நிலை இன்னும் வேறானது. ஓர் ஆய்வுகூடத்தை ஓராண்டில் எழுப்பலாம். ஆய்வு மரபை ஓராண்டில் உருவாக்க இயலாது. திருகோணமலையிலா யாழ்ப்பாணத்திலா என நெடுங்காலம் விவாதிக்கப்பட்ட பல்கலைக்கழகக் கோரிக்கையின் பின்னணியில், 1974 ஒக்டோபர் 6ஆந் திகதி யாழ்ப்பாண வளாகம் திறந்துவைக்கப்பட்டது, பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதற்றலைவரானார். திருநெல்வேலியிற் பரமேஸ்வராக் கல்லூரியும் வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவும் அதற்கு இடமளித்தன. அரசு வகுத்த நிதிக்கு முன்பே சமுதாயம் எழுப்பி வைத்திருந்த கட்டடங்கள் இவை. 1979 சனவரி முதல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பாராளுமன்றம் வாக்களிக்கும் நிதி, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் வழியே பங்கிடப்படலாயிற்று. ஆண்டுக்கு ஆண்டு வரும் பணத்தைக் கொண்டு தலைமுறைக்குத் தலைமுறை தொடரவேண்டிய பணியைச் செய்தல் என்ற முரண்பாடு அன்று முதல் இன்று வரை தீர்ந்தபாடில்லை.

சபைகள் வந்தன, பணப்பை வரவில்லை

அதிகாரத்தை ஊருக்குக் கொணர்வதாகக் கூறிய முயற்சிகள் இரண்டினை இறுதியாக நோக்குவோம். முதலாவது, 1980ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மாவட்ட அபிவிருத்திச் சபை. அதற்கான தேர்தல் 1981 யூன் 4ஆந் திகதி நடைபெற்றது; அதற்குச் சில நாள் முன்னரே யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. சாம்பலின்மீது பிறந்த அச்சபை, மத்திய அரசின் கையையே எதிர்நோக்கியிருந்து சில ஆண்டுகளில் ஒடுங்கிற்று.

இரண்டாவது, 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் வந்த மாகாண சபை. வட மாகாண சபைக்கெனத் தனியாக முதற் தேர்தல் 2013 செப்டெம்பர் 21ஆந் திகதி நடைபெற்றது. 38 ஆசனங்களுள் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வென்றது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் சி. வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். இத்துணைப் பெரிய ஆணையைப் பெற்ற சபையும் நிதி தொடர்பான நியதிச்சட்டங்களை ஆளுநரின் சிபாரிசின்றி எடுத்துக்கொள்ள இயலாதிருந்தது. மாகாணங்களுக்கான நிதியைச் சிபாரிசு செய்யும் நிதி ஆணைக்குழுவில் மத்திய வங்கி ஆளுநர், திறைசேரிச் செயலாளர் ஆகியோருடன் மூன்று பிரதான சமூகங்களைப் பிரதிநிதித்துவம் செய்யும் மூவர் அமர்கின்றனர். மாகாணங்கள் தெரிந்தனுப்பும் ஒருவரேனும் அங்கில்லை. 2018 ஒக்டோபரிற் சபையின் பதவிக்காலம் முடிவுற, நிர்வாகம் ஆளுநரின் கைக்கே மீண்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓருண்மை தெளிவாகின்றது. மனுக் கொடுத்த காலத்தும், விலகிநின்ற காலத்தும், அமைச்சரவையில் அமர்ந்த காலத்தும், தனிச்சபை பெற்ற காலத்தும் யாழ்ப்பாணம் பெரும்பாலும் பொருளைப் பெறுமிடத்திலேயே நின்றது. வகுக்குமிடத்தில் உரிமையோடு நின்றது மிகச் சிலபொழுதே. கோருவோனுக்குக் கிடைப்பது கொடை; வகுப்போனுக்குக் கிடைப்பதே உரிமை.

இதிலிருந்து மூன்று படிப்பினைகள் பெறப்படும். வர்த்தகமும் கைத்தொழிலும் காலத்துக்கேற்ப மாறுவன. ஆதலின் அவை ஆண்டுதோறும் விவாதிக்கப்படுதல் நன்று, ஆனால் அவ்விவாதத்திற் பிரதேசத்துக்கு வாக்கிருத்தல் வேண்டும். நீதிக்குரிய காப்பு நீதியரசரின் சம்பளத்தோடு நில்லாது, மக்கள் தம் மொழியில் நீதி பெறுதற்கு வேண்டிய ஆளணிக்கும் விரிதல் வேண்டும். விஞ்ஞானத்துக்குரிய நிதி பல்லாண்டுத் திட்டமாக உறுதிசெய்யப்படல் வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும்போது எவ்வெப் பொருளின் விலை ஏறிற்று, இறங்கிற்று என்பதோடு நம் கவனம் நின்றுவிடுகின்றது. எத்தலைப்பின்கீழ் எவ்வளவு வகுக்கப்பட்டது, அதனை வகுத்தவர் எவர் என்ற வினாவையும் கற்றறிந்த இளைஞர் எழுப்புவாராயின், 1931இல் நான்கு ஆசனங்களை வெறுமையாக்கிய அவ்விளைஞரின் கனவுக்கு அது ஏற்ற தொடர்ச்சியாக அமையும்.