தனியாள் காட்டுச் சவால்களில் கருவித் தேர்வு

மனித நடமாட்டம் குறைந்த காட்டுப் பகுதியில் ஒருவர் எவர் துணையும் இன்றி, குறைந்த பொருள்களுடன் பல நாள் வாழ்ந்து காட்டுவது தனியாள் காட்டுச் சவால் எனப்படுகிறது. வேடர்களும் மேய்ப்பர்களும் தொழிலின் பொருட்டுக் காட்டில் தனித்து வாழ்ந்தது மிகப் பழைய வழக்கம். ஆனால் பிறர் பார்க்க, விதி வகுத்துக்கொண்டு, "இவ்வளவு பொருள் மட்டும்" என்று அறிவித்துவிட்டுக் காட்டுக்குள் செல்வது கடந்த நூற்றாண்டில் வட அமெரிக்காவில் வேரூன்றிய பழக்கம். இதன் வரலாறு பெரும்பாலும் துணிச்சலின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. எதை எடுத்துச் சென்றார்கள், எதை விட்டுச் சென்றார்கள் என்று பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது. சவாலின் முடிவைப் பல நேரங்களில் தீர்மானித்தது, அறிவிக்கப்பட்ட பட்டியலில் இடம்பெறாத ஏதோ ஒரு பொருள்தான்.

சுமையைக் குறைத்தவர்

காட்டுக்கு எதைக் கொண்டு செல்வது என்பதை ஒரு கலையாக எழுதியவர்களில் முன்னோடி ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் (1821-1890). 'நெஸ்முக்' என்ற புனைபெயரில் 'ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்' இதழில் எழுதி வந்தார். அவருடைய 'வுட்கிராஃப்ட்' நூல் 1884ஆம் ஆண்டு வெளிவந்தது. அக்காலத்தில் வசதி படைத்த நகரவாசிகள் நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலைக்காடுகளுக்கு வழிகாட்டிகளை அமர்த்திக்கொண்டு, பெட்டி பெட்டியாகச் சாமான்களுடன் சென்று தங்குவர். சியர்ஸ் சிறிய உடல்வாகு கொண்டவர். எடை 50 கிலோவுக்கும் குறைவு. வழிகாட்டி வைத்துக்கொள்ளும் வசதியும் அவருக்கு இல்லை. தன் சுமையைத் தானே தூக்க வேண்டியிருந்ததால் ஒவ்வொரு பொருளையும் எடைபோட்டே சேர்த்தார்.

1883ஆம் ஆண்டு அவர் 'சேரி கேம்ப்' என்ற சிறு படகில் அந்த ஏரிகளில் 266 மைல் பயணம் செய்தார். படகு கட்டுநர் ஜே. ஹென்றி ரஷ்டன் செய்துகொடுத்த அந்தப் படகின் எடை பத்தரை பவுண்டு, அதாவது 5 கிலோவுக்கும் குறைவு. படகு, மாற்றுத்துணி, கம்பளிப் பை, இரண்டு நாள் உணவு, கைக்கோடரி, தூண்டில், தோள்பை எல்லாம் சேர்ந்தும் சுமை 26 பவுண்டைத் தாண்டவில்லை என்று அவர் பதிவு செய்துள்ளார். இருபுறமும் கூர்முனை கொண்ட அவருடைய சிறு கோடரி பின்னாளில் அவர் பெயராலேயே அறியப்பட்டது.

அவர் எடுத்துச் சென்றது இரண்டு நாள் உணவு மட்டுமே என்பது கவனிக்கத்தக்கது. அப்பகுதியில் விடுதிகளும் வேட்டைக் குடில்களும் இருந்தன. தீர்ந்த உணவை அங்கே வாங்கிக்கொள்ளலாம். சியர்ஸ் இதை மறைக்கவில்லை. அவர் எவருக்கும் சவால் விடவில்லை. சுகமாகப் பயணம் செய்யவே விரும்பினார். ஆனால் அவரைப் படித்துவிட்டுச் சுமையைக் குறைத்தவர்கள் எல்லோருக்கும் அந்தக் குடில்கள் வாய்க்கவில்லை.

வெறுங்கையுடன் சென்றவர்

ஒரு பொருளும் இல்லாமல் செல்வதாக அறிவித்தவர் ஜோசப் நோல்ஸ். மெய்ன் மாநிலத்தின் வில்டனில் 1869ஆம் ஆண்டு பிறந்த இவர் ஓவியர். 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் நாள், செய்தியாளர்கள் பார்த்திருக்க, கோவணம் போன்ற இடையுடை ஒன்றுடன் மெய்ன் மாநிலத்தின் வடமேற்குக் காட்டுக்குள் நுழைந்தார். கத்தி, தீப்பெட்டி, உணவு எதுவும் இல்லை. நாகரிக மனிதன் காட்டில் வாழும் திறனை இன்னும் இழந்துவிடவில்லை என்று நிரூபிப்பதே நோக்கம் எனச் சொல்லப்பட்டது. 'பாஸ்டன் போஸ்ட்' நாளிதழ் இதைத் தொடராக வெளியிட்டது. பிர்ச் மரப்பட்டையில் கரியால் எழுதி அவர் அனுப்பிய குறிப்புகளும் படங்களும் அவ்விதழில் அச்சாயின.

இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 4ஆம் நாள், கரடித்தோல் போர்த்தியவராக எல்லைக்கு அப்பால் கனடாவின் கியூபெக்கில் அவர் வெளிப்பட்டார். பாஸ்டனில் பெருங்கூட்டம் அவரை வரவேற்றது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உடற்பயிற்சி அறிஞர் டட்லி சார்ஜன்ட் அவருடைய உடலைச் சோதித்தார். அதே ஆண்டில் வெளிவந்த 'அலோன் இன் தி வைல்டர்னஸ்' நூல் நன்றாக விற்பனையானது.

போட்டி இதழான 'பாஸ்டன் அமெரிக்கன்', எல்லாம் நாடகம் என்று எழுதியது. அவர் ஒரு மரக்குடிலில் வசதியாகத் தங்கியிருந்தார், குழியில் வீழ்த்தித் தடியால் அடித்துக் கொன்றதாகச் சொன்ன கரடியின் தோலில் துப்பாக்கிக் குண்டின் துளைகள் உள்ளன என்பவை அதன் குற்றச்சாட்டுகள். நோல்ஸ் மறுத்தார். உண்மை எது என்பது முழுமையாகத் தீர்ந்தபாடில்லை. ஆனால் குற்றச்சாட்டின் தன்மை குறிப்பிடத்தக்கது: அவரிடம் திறமை இல்லை என்று எவரும் வாதிடவில்லை, அவரிடம் அறிவிக்காத பொருள் இருந்தது என்பதே வாதம். அடுத்த ஆண்டு கோடையில் ஓரிகன், கலிபோர்னியா எல்லையை ஒட்டிய சிஸ்கியூ மலையில் அவர் மீண்டும் இதே முயற்சியில் இறங்கினார். இம்முறை கல்வியாளர்கள் கண்காணிப்பாளர்களாக அமர்த்தப்பட்டனர். வேடிக்கை என்னவென்றால், இம்முறை அவருக்கு ஆதரவளித்தது, முன்பு அவரைப் போலி என்று எழுதிய இதழின் உரிமையாளர் வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்டின் மற்றொரு நாளிதழ். அந்த வேளையில் முதல் உலகப்போர் மூண்டதால் நோல்ஸைப் படிக்க ஆளில்லாமல் போயிற்று. அவர் 1942ஆம் ஆண்டு காலமானார்.

அலாஸ்கா, 1992

விளம்பரமும் கண்காணிப்பும் இல்லாமல், தனக்குத் தானே விட்டுக்கொண்ட சவாலாகக் காட்டுக்குச் சென்றவர் கிறிஸ்டோபர் மெக்கேண்ட்லஸ். 24 வயது இளைஞரான இவர் 1992ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காவுக்கு வடக்கே உள்ள ஸ்டாம்பீட் தடத்தில் நடந்து சென்றார். அவரிடம் .22 அளவுத் துப்பாக்கி, பத்து பவுண்டு அரிசி, அப்பகுதியில் கிடைக்கும் உண்ணத்தக்க தாவரங்களைப் பற்றிய நூல் உட்படச் சில புத்தகங்கள் இருந்தன. காலில் இருந்த ரப்பர் பூட்ஸ், அவரை வண்டியில் ஏற்றிச் சென்றவர் பார்த்துப் பரிதாபப்பட்டுக் கொடுத்தது. கோடரி இல்லை, பயன்படத்தக்க வரைபடமும் இல்லை. தடத்தோரம் கைவிடப்பட்டிருந்த பழைய பேருந்து ஒன்று அவருக்கு வீடாயிற்று.

துப்பாக்கி சிறியதாயினும் அதைக் கொண்டு அணில், பறவை, முள்ளம்பன்றி வகைகளைச் சுட்டு அவர் உண்டார். ஜூன் 9ஆம் நாள் ஒரு மூஸ் மானையே வீழ்த்தினார். ஏராளமான இறைச்சி கையில் இருந்தும் அவரால் அதைக் காக்க முடியவில்லை. கேட்டறிந்த முறைப்படி புகையிட்டுப் பார்த்தார்; ஈ மொய்த்துப் புழு வைத்தது. அலாஸ்கா வேடர்கள் இறைச்சியை மெல்லிய பட்டைகளாக அரிந்து காற்றில் உலர்த்துவார்கள். இதற்குக் கத்தியும் கயிறும் போதும். குறை கருவியில் இல்லை.

ஜூலை 5ஆம் நாள் ஊர் திரும்பப் புறப்பட்டவரை டெக்லானிகா ஆறு தடுத்தது. ஏப்ரலில் உறைந்து சிறு ஓடையாகக் கிடந்த அந்த ஆறு, கோடையில் பனியாறுகள் உருகி வெள்ளமாக ஓடிற்று. அவர் பேருந்துக்கே திரும்பினார். ஆற்றை அளவிட அமைக்கப்பட்டிருந்த, கையால் இழுத்துக் கடக்கும் கம்பிவடக் கூடை ஒன்று அங்கிருந்து ஒரு மைலுக்கும் குறைவான தொலைவில் இருந்தது. விரிவான வரைபடத்தைப் பார்த்திருந்தால் அவருக்கு அது தெரிந்திருக்கும். ஆகஸ்டில் அவர் இறந்தார். செப்டம்பர் 6ஆம் நாள் வேட்டைக்குச் சென்றவர்கள் கண்டெடுத்தபோது உடலின் எடை 67 பவுண்டு, ஏறத்தாழ 30 கிலோ. ஜான் கிராகவர் 1996இல் எழுதிய 'இன்டு தி வைல்ட்' நூலாலும் 2007இல் வந்த திரைப்படத்தாலும் இந்நிகழ்வு உலகறிந்ததாயிற்று. அவர் உண்ட விதைகளில் நஞ்சு இருந்ததா என்ற விவாதம் நெடுங்காலம் நடந்தது. வரைபடத்தைப் பற்றி அந்த அளவுக்கு எவரும் வாதிடவில்லை.

பத்துப் பொருள் விதி

2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஹிஸ்டரி தொலைக்காட்சியில் தொடங்கிய 'அலோன்' நிகழ்ச்சி, கருவித் தேர்வையே போட்டியின் பகுதியாக ஆக்கியது. பத்துப் போட்டியாளர்கள் ஒருவரையொருவர் காண முடியாத தொலைவில் தனித்தனியே இறக்கிவிடப்படுவர். ஒவ்வொருவரும் ஒரு பொதுப் பட்டியலிலிருந்து பத்துப் பொருள்களைத் தேர்ந்துகொள்ளலாம். உடைகளும், தங்களைத் தாங்களே படம்பிடிக்கும் கேமராக்களும் இந்தக் கணக்கில் சேரா. துப்பாக்கி, தீப்பெட்டி, லைட்டர் ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. கடைசிவரை தங்குபவருக்குப் பரிசு 5 லட்சம் டாலர். கனடாவின் வான்கூவர் தீவில் நடந்த முதல் பருவத்தில் ஆலன் கே 56 நாள் தங்கி வென்றார்.

பத்தில் ஐந்தாறு பொருள்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் பொதுவாகவே அமைந்தன: உறக்கப் பை, சமையல் பாத்திரம், கோடரி அல்லது ரம்பம், உரசினால் தீப்பொறி தரும் ஃபெர்ரோ கோல், தூண்டில் நரம்பும் முள்ளும். ஃபெர்ரோ கோலின் அருமை முதல் பருவத்திலேயே தெரிந்தது. ஒருவர் தம் கோலைத் தொலைத்துவிட்டு நான்காம் நாளே வெளியேறினார். மழை ஓயாத அந்தக் கடற்கரைக் காட்டில் தீ இல்லையேல் நீரைக் கொதிக்க வைக்கவும் வழியில்லை. இரண்டாம் பருவத்தில் ஒருவர் கோடரியால் கையை வெட்டிக்கொண்டு முதல் வாரத்திலேயே விலக நேர்ந்தது. கோடரியா ரம்பமா என்பது இன்றும் ஓயாத விவாதம். கோடரி பிளக்கும், செதுக்கும், ஆயுதமாகவும் உதவும். ஆனால் அரைப்பட்டினியில் கை நடுங்குபவருக்கு ரம்பம் பாதுகாப்பானது. ஒரே மரத்தை அறுக்க அதற்குச் செலவாகும் வலுவும் குறைவு.

மீதி நான்கைந்து இடங்களில்தான் உண்மையான தேர்வு நடக்கிறது. செவுள் வலை, கண்ணிக் கம்பி, வில், உலர் உணவு ஆகிய ஒவ்வொன்றும் அந்த நிலம் என்ன தரும் என்பதைப் பற்றிய ஓர் ஊகம். வலை ஆள் இல்லாதபோதும் உழைக்கும். ஏரி உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்துவது கடினம். வில் பல வாரம் ஒன்றும் தராமல் கிடந்து, ஒரே நாளில் எல்லாவற்றையும் ஈடுசெய்துவிடலாம்.

கொழுப்பின் கணக்கு

கனடாவின் கிரேட் ஸ்லேவ் ஏரிக்கரையில் நடந்த ஆறாம் பருவத்தில் (2019) ஜோர்டன் ஜோனஸ் வில்லால் ஒரு மூஸ் மானை வீழ்த்தினார். இறைச்சி மலைபோல் இருந்தும் அவர் கவலைப்பட்டது கொழுப்பைப் பற்றித்தான். வால்வரின் என்னும் விலங்கு அவர் சேமித்த கொழுப்பைத் திருடிச் சென்றது. பின்னர் அதையும் அவர் கொன்றார். 77 நாளில் அவர் வெற்றி பெற்றார்.

கொழுப்பற்ற இறைச்சியை மட்டுமே உண்பவருக்கு வயிறு நிறைந்தாலும் உடல் மெலியும். வட அமெரிக்க வேடர்கள் இதை 'முயல் பட்டினி' என்பர். புரதம் சிதையும்போது உண்டாகும் நைட்ரஜன் கழிவை யூரியாவாக மாற்றக் கல்லீரலுக்கு ஓர் எல்லை உண்டு; அதைத் தாண்டினால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் சோர்வும் தொடங்கும். அப்பகுதிப் பழங்குடி மக்கள் உலர்ந்த இறைச்சிப் பொடியுடன் உருக்கிய கொழுப்பைச் சேர்த்துப் பெம்மிகன் செய்தது இந்த அறிவினால்தான். ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தரும். புரதம் 4 மட்டுமே.

இதை உணர்ந்த போட்டியாளர்கள் கருவிப் பட்டியலில் கைவைக்காமலேயே ஒரு வழி கண்டனர். போட்டிக்கு முந்தைய மாதங்களில் நன்றாக உண்டு உடல் எடையைக் கூட்டிக்கொண்டனர். இடுப்பில் சேரும் கொழுப்பை எந்த விதியும் எண்ணுவதில்லை. அர்ஜென்டினாவின் படகோனியாவில் நடந்த மூன்றாம் பருவத்தில் சக்கரி ஃபவுலர் 87 நாள் தாக்குப்பிடித்து, சுமார் 30 கிலோ எடையை இழந்து வென்றார். அவருடன் எஞ்சியிருந்த மற்றவரை 86ஆம் நாள் மருத்துவக் குழு வெளியேற்றியது. உடல் நிறை எண் 17க்குக் கீழே இறங்கியிருந்ததே காரணம். அவர் மனம் தளர்ந்திருக்கவில்லை, கருவி எதுவும் பழுதாகவும் இல்லை.

நோல்ஸின் காலத்தில் இத்தகைய மருத்துவ எல்லை இல்லை. மெக்கேண்ட்லஸுக்குச் சொல்லியனுப்ப ஆளில்லை. 'அலோன்' போட்டியாளர் ஒவ்வொருவரிடமும் செயற்கைக்கோள் தொலைபேசி ஒன்று உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் மீட்புக் குழு புறப்படும். அது பத்துப் பொருள்களில் ஒன்றாக எண்ணப்படுவதில்லை. நூறு நாள் தங்கினால் 10 லட்சம் டாலர் என்று அறிவிக்கப்பட்ட ஏழாம் பருவத்தில் (2020) கத்தூரி எருது ஒன்றை வீழ்த்தி, கல்லால் வீடு கட்டி, நூறு நாளையும் நிறைவு செய்த ரோலண்ட் வெல்கரிடமும் அது இருந்தது.

ஸ்டாம்பீட் தடத்துப் பேருந்தைக் காண ஆண்டுதோறும் இளைஞர்கள் சென்றுகொண்டிருந்தனர். பலரிடம் நல்ல உறக்கப் பையும் விலையுயர்ந்த காலணியும் இருந்தன. ஆறு மட்டும் மாறவில்லை. 2010ஆம் ஆண்டிலும் 2019ஆம் ஆண்டிலும் அதைக் கடக்க முயன்ற இருவர் வெள்ளத்தில் இறந்தனர். பலர் மீட்கப்பட்டனர். 2020ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் அலாஸ்கா அரசு அந்தப் பேருந்தை ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கி அகற்றியது. பின்னர் அது ஃபேர்பேங்க்ஸ் நகரிலுள்ள அலாஸ்கா பல்கலைக்கழக அருங்காட்சியகத்திடம் ஒப்படைக்கப்பட்டது.