ஒரு மலையூர், இரு தாய்க்கோவில்கள்

இத்தாலி நாட்டின் தென்கோடியில் உள்ள சிசிலித் தீவின் தென்கிழக்கு மூலையில், ஆழ்ந்த பள்ளத்தாக்குகளுக்கு நடுவே ரகூஸா என்னும் மலையூர் அமைந்திருக்கிறது. வரைபடத்தில் பெயர் ஒன்றுதான். நேரில் காண்போருக்கோ அது இரண்டு ஊர். மேட்டுச் சமவெளியில் நூல் பிடித்தாற்போல் நேரான தெருக்களைக் கொண்டது மேலூர். அதற்குக் கீழே, தனித்த குன்றொன்றின் முதுகில், வளைந்து நெளியும் சந்துகளோடு நிற்பது கீழூர். அதற்கு இப்லா என்று பெயர். ஓர் ஊர் இப்படி இரண்டானதற்கு ஒரு நிலநடுக்கமும், இரு பங்குகளின் பிடிவாதமும் காரணமாயின.

1693-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் இரவு நிலம் ஒருமுறை அதிர்ந்தது. இரண்டு நாள் கழித்து, ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வந்த பேரதிர்ச்சி தென்கிழக்குச் சிசிலி முழுவதையும் தரைமட்டமாக்கிற்று. ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் மாண்டனர். ரகூஸாவில் மட்டும் ஐயாயிரம் உயிர்கள் போயின என்று கணக்கிடுகிறார்கள். கோவில்கள் விழுந்தன, மடங்கள் விழுந்தன. உயிர் தப்பியவர்கள் முன்னே நின்ற முதல் கேள்வி, ஊரை எங்கே கட்டுவது என்பதுதான்.

அன்றைய ரகூஸாவில் இரண்டு பெரிய கோவில்கள் இருந்தன. ஒன்று புனித ஜார்ஜியார் ஆலயம். மற்றொன்று ஸ்நாபக அருளப்பர் ஆலயம். ஊரின் 'தாய்க்கோவில்' என்னும் பட்டம் எதற்கு உரியது என்பதில் இரு தரப்பாருக்கும் வெகுகாலப் பூசல். திருவிழாவில் தேர் எந்தத் தெரு வழியே திரும்புவது என்று வழக்காடியவர்களை அறிந்த நமக்கு இது ஒன்றும் விந்தையாகத் தோன்றாது. ஆனால் பூசல் புனிதர்களைப் பற்றியது மட்டும் அல்ல. ஜார்ஜியார் கோவிலைச் சேர்ந்தவர்களில் பழைய பிரபுக் குடும்பங்கள் மிகுதி. அருளப்பர் கோவிலைச் சேர்ந்தவர்களில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழைத்து முன்னேறிய பண்ணை விவசாயிகள் மிகுதி. பழைய மனையையும் மதிப்பையும் விட்டு நகரப் பிரபுக்களுக்கு மனமில்லை. விவசாயிகளுக்கோ மேலே விரிந்து கிடந்த சமவெளி கண்ணுக்கு முன்னே தெரிந்தது. ஆகவே ஜார்ஜியாரின் மக்கள் இடிபாடுகளின் மீதே வீடு கட்டினர். அருளப்பரின் மக்கள் மேலேறிப் போய்ப் புதிய ஊர் கண்டனர்.

இவ்வூரை ஒரு பகலில் சுற்றிவிடலாம். மேலூரில் தொடங்கிக் கீழே இறங்குவதே கால்களுக்கு நல்லது.

மேலூரின் நடுவே, உயர்ந்த மேடைமீது நிற்கிறது அருளப்பர் பேராலயம். குடியேறியவர்கள் 1694-இலேயே அவசரமாக ஒரு சிறு கோவிலை எழுப்பிக்கொண்டார்கள். இப்போதுள்ள பெரிய ஆலயத்தின் வேலை 1718-இல் தொடங்கிற்று. அகன்ற முகப்பின் இடப்புறத்தில் மட்டும் ஒரு மணிக்கூண்டு உயர்ந்து நிற்கிறது. உள்ளே தரையில் பாவியிருக்கும் கருங்கல் இவ்வட்டாரத்துக்கே உரியது. கீல் ஊறிய சுண்ணாம்புக்கல் அது. பக்கத்துச் சுரங்கங்களில் வெட்டி எடுத்தார்கள். இதே கீல்கல்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களுக்குச் சாலை போடக் கப்பலேறிற்று.

பேராலயத்தை விட்டுக் கிழக்கே நடந்தால் தெரு சரிந்து படிகளாக மாறுகிறது. அந்த இறக்கத்தின் தலைப்பில் நிற்பது படிகளின் அன்னை மரியா ஆலயம். நிலநடுக்கத்துக்கு முந்திய கோத்திக் வளைவுகள் இதன் ஒரு பக்கத்தில் இன்னும் தப்பி நிற்கின்றன. தேவமாதாவின் மரணத்தைக் காட்டும் பதினாறாம் நூற்றாண்டு வண்ணச் சுடுமண் சிற்பமும் இங்கே உண்டு. இரு ஊர்ச் சண்டைக்கும் நடுவே, இரு ஊருக்கும் போகும் வழியிலேயே மாதா கோவில் இருக்கிறது. இங்கிருந்து பார்த்தால் இப்லா முழுவதும், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய ஓட்டுக் கூரைகளும் நீலக் கவிகையுமாக, எதிரே விரிகிறது.

அந்தக் கவிகைக்கு உரியது புனித ஜார்ஜியார் ஆலயம். பிடிவாதமாகக் கீழே தங்கியவர்களும் தங்கள் கோவிலைப் பழைய இடத்தில் கட்டவில்லை. பழைய ஆலயம் குன்றின் கிழக்குக் கோடியில் இருந்தது. அதில் எஞ்சியது ஒரு வாயில் மட்டுமே; ஜார்ஜியார் பறவைநாகத்தைக் குத்தும் சிற்பத்தோடு பூங்காவின் அருகே இன்றும் தனியே நிற்கிறது. புதிய ஆலயத்துக்கு வரைபடம் தந்தவர் ரொசாரியோ கல்யார்தி என்னும் சிற்பி. 1739-இல் தொடங்கிய வேலை 1775-இல் முடிந்தது. கவிகை 1820-இல்தான் ஏறிற்று. நீண்ட படிக்கட்டின் உச்சியில், தூண்கள் கொத்துக் கொத்தாக நெருங்க, நடுப்பகுதி நெஞ்சை நிமிர்த்தினாற்போல் முன்னே வளைந்து, மூன்று அடுக்காக உயர்ந்து, தலையில் மணிகளைத் தாங்கி நிற்கிறது முகப்பு. தனிக் கோபுரம் கட்டாமல் முகப்பையே மணிக்கூண்டாக்கிவிட்டார் சிற்பி. பரோக் கலை வெறும் ஆடம்பரம் என்பார் உண்டு. இடிபாட்டில் பெற்றோரைப் புதைத்தவர்களின் பிள்ளைகள் எழுப்பிய முகப்பு இது என்று நினைத்துப் பார்த்தால், அந்தச் சொல் வாயில் வராது.

மதியத்தில் பசிக்கும். இவ்வூர்ச் சாப்பாட்டில் முதலில் சொல்லவேண்டியது 'ஸ்காச்சா'. கோதுமை மாவை மெல்லியதாக விரித்து, தக்காளிக் குழம்பும் பாலாடைக்கட்டியும் பரப்பி, மடித்து மடித்து அடுப்பில் சுடுவது. வெங்காயம், கத்தரிக்காய் வைத்தும் செய்வார்கள். திருநாட்களில் வீடுதோறும் மணக்கும் பண்டம் இது. அதனுள்ளே வைக்கும் பாலாடைக்கட்டிக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. மோதிகாக் கோமான்கள் தங்கள் நிலத்தை நெடுங்காலக் குத்தகைக்கு விட்டபோது, குத்தகைக்காரர்கள் வயலில் பொறுக்கிய கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கித் தத்தம் எல்லைகளுக்குச் சுவர் எழுப்பினர். அந்த வெள்ளைச் சுவர்கள் இன்றும் குன்றெல்லாம் ஓடுகின்றன. அவற்றுக்குள் மேய்ந்த மாடுகளின் பாலில் பிறந்ததே ரகூஸானோ பாலாடைக்கட்டி. 10 முதல் 16 கிலோ எடையில் செங்கல் வடிவாக வார்த்து, இரண்டிரண்டாகக் கயிற்றில் கட்டி, உத்தரத்தின்மேல் தொங்கவிட்டுப் பதப்படுத்துவார்கள். மேலூரைக் கட்டிய பண்ணை விவசாயிகளின் செல்வம் இந்தச் சுவர்களுக்குள்ளிருந்து வந்தது. ஆனால் கீழூர்ப் பிரபுவின் மேசைக்கும் கட்டி அங்கிருந்துதான் வந்தாகவேண்டும்!

பக்கத்து ஊரான மோதிகாவில் சாக்கொலேட்டை அதிகம் சூடேற்றாமல் அரைப்பதால் சர்க்கரை கரையாமல் பல்லில் நறநறக்கும். மாட்டிறைச்சியைக் கொத்திச் சாக்கொலேட்டோடும் பாதாமோடும் சேர்த்துப் பிறைவடிவில் சுடும் பலகாரமும் அங்கே உண்டு. தவக்காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்த குருக்கள் சோர்ந்துவிடாதிருக்க, கன்னியர் இறைச்சியை இப்படி இனிப்புக்குள் மறைத்துக் கொடுத்தார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியானாலும் பலகாரம் சுவையானது.

கோவில் சண்டை கோவிலோடு நிற்கவில்லை. 1865-இல் அரசாங்கமே இவ்வூரை இரண்டு நகராட்சிகளாகப் பிரித்துவிட்டது. அறுபது ஆண்டுக்கு மேல் இரண்டு தலைவர்கள், இரண்டு கருவூலங்கள். 1926-இல் இரண்டும் மீண்டும் ஒன்றாக்கப்பட்டன. மறு ஆண்டு ரகூஸா மாகாணத் தலைநகர் ஆயிற்று. 1950-இல் ரகூஸா மறைமாவட்டம் உருவானபோது, ஆயரின் பேராலயம் என்னும் சிறப்பு மேலூரின் அருளப்பருக்குக் கிடைத்தது. 2002-இல் நோட்டோப் பள்ளத்தாக்கின் எட்டு ஊர்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, ரகூஸா ஒரே ஊராக அதில் இடம்பெற்றது.

ஆயினும் கீழூர் மக்கள் தங்கள் ஜார்ஜியார் ஆலயத்தைப் 'பேராலயம்' என்று சொல்வதை விடவில்லை. மே மாதக் கடைசியில் குதிரைமேல் அமர்ந்த ஜார்ஜியாரின் சொரூபத்தைத் தோளில் தூக்கி இப்லாவின் சந்துகளில் வலம் வருகிறார்கள். ஆகஸ்டு 29-இல், அருளப்பர் தலை வெட்டுண்ட திருநாளன்று, மேலூரின் நேரான தெருக்களில் மெழுகுவர்த்திகளோடு பவனி போகிறது.