எழுந்தவர் எப்போது எந்திரிச்சார்?

ஆங்கிலம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்துபவை 'கெட் அப்', 'கிவ் அப்', 'புட் ஆஃப்' போன்ற கூட்டுவினைகள். வினைக்குப் பொருள் தெரியும், ஒட்டி வரும் சொல்லுக்கும் தெரியும். இரண்டும் சேர்ந்ததும் பொருள் நழுவிவிடும். அயலாருக்குப் பெரிய இடைஞ்சல் இதுதான் என்று சாமுவேல் ஜான்சனே 1755-இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையில் எழுதினார். நாமோ இதை ஆங்கிலத்துக்கே உரிய கிறுக்கு என்று முடிவுகட்டிவிட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து வ. புதுப்பட்டிப் பக்கத்துப் பேச்சு அந்த முடிவுக்கு இடம் தராது.

அங்கே பேச்சில் 'எழுந்தார்' என்பது அபூர்வம். 'எந்திரிச்சாரு' என்பதே வழக்கம். சங்கத் தமிழுக்கு 'எழு' என்ற தனிவினையே போதுமானதாக இருந்தது. அதே வட்டாரத்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் திருப்பாவையில், தோழியரை எழுப்பும்போது, 'எழுந்து', 'இரு' இரண்டும் சேர்ந்த 'எழுந்திராய்' திரும்பத் திரும்ப வருகிறது. இருபதாம் பாசுரத்தில் 'துயிலெழாய்' என்ற தனிவினையும் நிற்கிறது. இரண்டு வழக்கும் ஒரே நூலில் அருகருகே புழங்கிய காலம் அது. 'இரு' அப்போது தன் சொந்தப் பொருளில் இருந்திருக்கலாமே, விழித்து இரு என்றுதானே சொன்னாள் என்று கேட்கலாம். இருக்கட்டும், பிறகு நடந்ததுதான் முக்கியம். 'இரு' என்பதன் இறந்தகாலம் 'இருந்தான்'. அந்த உணர்வு மிஞ்சியிருந்தால் 'எந்திருந்தான்' என்றல்லவா வரவேண்டும்? வந்ததோ, சிரிச்சான் போல, 'எந்திரிச்சான்'. இரண்டு வினைகள் உருகி 'எந்திரி' என்ற புது வினையே பிறந்துவிட்டது. ஊர்ப்பெயரிலும் 'இரு' இப்படித்தான் தேய்ந்தது: வ. புதுப்பட்டியின் 'வ' குறிக்கும் வத்திராயிருப்பு, பேச்சில் வத்ராப்பு.

தமிழில் வினையோடு வினை சேர்கிறது, ஆங்கிலத்தில் வினையோடு திசை காட்டும் சொல் சேர்கிறது, இரண்டும் எப்படி ஒன்றாகும் என்ற மறுப்பு வலுவானது. அமைப்பு வேறுதான். பழைய ஆங்கிலம் வினைக்கு முன்னால் ஒட்டுகளை வைத்தது. அவற்றில் பல வழக்கொழிய, பின்னால் நின்ற சொற்கள் அந்த வேலையை ஏற்றன. தமிழ் வினைகளுக்கு அத்தகைய முன்னொட்டு வழக்கமில்லை. விடு, கொள், போடு போன்ற வினைகளே பின்னால் வந்து துணைநின்றன. வழி வேறானாலும் உறுப்புகளின் பொருளைக் கூட்டி முழுமையின் பொருளை எட்ட முடியாத நிலைக்கு இரு மொழிகளும் வந்து சேர்ந்தன. 'புட் ஆஃப்' என்பதைப் பட்டியலில் வைத்து மனப்பாடம் செய்யவைக்கும் ஆசிரியர், பக்கத்திலேயே 'தள்ளிப்போடு' என்று எழுதலாம். கூட்டத்தைத் தள்ளிப்போடுகிறவர் எதையும் தள்ளுவதுமில்லை, போடுவதுமில்லை.