உத்திரமேரூர் ஓலையும் கொரிந்து நிருபமும்

முதற் பராந்தக சோழனின் பன்னிரண்டாம், பதினான்காம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919-இலும் 921-இலும், உத்திரமேரூர்ச் சபையார் தம் வாரியங்களுக்கு (நிர்வாகக் குழுக்களுக்கு) ஆள் தேர்ந்தெடுக்கச் செய்துகொண்ட ஏற்பாட்டை அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர் இன்றளவும் தாங்கி நிற்கிறது. ஊரின் பிரிவுகளாகிய 30 குடும்புகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, விவரமறியாத சிறு பிள்ளை ஒருவனைக் கொண்டு ஒன்றை எடுப்பித்து, அதை மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்று உரக்க வாசிக்க, உடனிருந்த கோயில் நம்பிமார் அனைவரும் மறுபடி வாசித்து உறுதிசெய்த அந்த முறையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் சாசனத்தை முற்றும் வாசிப்பவர் சிலரே. கால் வேலிக்கு மேற்பட்ட, வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும், 35-க்கு மேல் 70-க்குட்பட்ட வயதும் உடையவன் பெயரே குடத்தில் விழலாம் என்று அதே கல் விதிக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனை மட்டுமன்றி அவன் உறவினரையும் அது விலக்குகிறது. குடத்திலிருந்து வந்த ஓலையில் ஒரு பெயர் மாத்திரமே இருந்தது; அப்பெயருக்குப் பொருள் தந்ததோ சுவரிலிருந்த நீண்ட சாசனம். முழுதும் படிப்பவனுக்கு அந்தப் பழைய சபையின் மேன்மை, அதன் எல்லை ஆகிய இரண்டும் ஒருங்கே விளங்கும்.

உத்திரமேரூர் அமைந்த இதே காஞ்சிபுரம் வட்டாரம் உட்படத் தமிழ்நாட்டின் கிறிஸ்தவ சபைகள் பலவற்றில், டிசம்பர் 31-ஆம் தேதி இரவு ஆராதனை முடிந்து புத்தாண்டு பிறக்கும் வேளையில், குடும்பத்துக்கு ஒருவராக முன்சென்று, குடத்து ஓலையை எடுப்பதுபோல், வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கம் உண்டு. அட்டையில் ஒரு வேதாகம வசனம் இருக்கும். அவ்வருஷத்துத் துயரங்களுக்கும் கடன்களுக்கும் நோய்களுக்கும் நடுவே அந்த ஒரு வரியைப் பற்றிக்கொண்டு வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் அநேகம். அந்தப் பக்தியை நாம் சிறிதும் குறைத்துப் பேசத் துணியோம். ஆயினும் அந்த வரி எங்கிருந்து வந்ததென்று கேட்பது பக்திக்கு விரோதமன்று. பக்தி வேர்கொள்வதற்கு அதுவே வழி. புத்தாண்டு அட்டைகளில் மிகுதியாகக் காணப்படுவது, நன்மையான முடிவைத் தருவதாகக் கடவுள் வாக்களிக்கும் எரேமியா 29-ஆம் அதிகாரத்து வசனம். அந்த அதிகாரமோ பாபிலோனுக்குச் சிறைகொண்டு போகப்பட்ட மக்களுக்கு எழுதப்பட்ட ஒரு கடிதம். மீட்சிக்கு 70 வருஷம் ஆகும், அதுவரை அந்நிய நாட்டிலேயே வீடு கட்டித் தோட்டம் நட்டு, உங்களைச் சிறைப்படுத்திய நகரத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம்பண்ணுங்கள் என்பது அதன் சாரம். வாக்கைக் கேட்டவர்களுள் பலர் அதன் நிறைவேற்றத்தைக் காணாமலே மண்ணாகப் போகிறவர்கள். விசுவாசம் என்பது கேட்டது கைக்கு வருவதன்று, வராத காலத்திலும் மரம் நடுவது என்று அந்த முழு அதிகாரமே போதிக்கிறது.

வசனம் இவ்வாறு தனித்து நடமாடத் தொடங்கியதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. வேதாகமத்தை அதிகாரங்களாகப் பகுத்தது 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஸ்டீபன் லாங்டனின் வேலை எனக் கொள்வது பெருவழக்கு. புதிய ஏற்பாட்டுக்கு இன்று வழங்கும் வசன எண்களை இட்டவர் ரோபர்ட் எஸ்தியேன் என்னும் அச்சாளர், 1551-இல். எனவே 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு, 1714-இல் அச்சேற்றத் தொடங்கி மறு ஆண்டு நிறைவேற்றிய தமிழ்ப் புதிய ஏற்பாடு, அந்தப் பகுப்புகளெல்லாம் நிலைபெற்றுவிட்ட காலத்தின் நூல். பின்னர் 1761-இல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றப்பட்ட அச்சியந்திரம் சென்னை வேப்பேரியில் மிஷனரி பப்ரிசியுஸ் வசம் வந்தது. தமிழ்ச் சபைகளில் நெடுங்காலம் செல்வாக்குப் பெற்ற மொழிபெயர்ப்பு அவருடையது. நூல் அச்சாயிற்று, படிப்போர் ஏது? கிராமத்தில் எழுத்தறிந்தவர் உபதேசியார் ஒருவரே. அவர் வாய்மொழியாகச் சொல்ல, மக்கள் திருப்பிச் சொல்லி மனனம் செய்தார்கள். மனனத்துக்குச் சிறு வாக்கியமே ஏற்றது. இப்படித்தான் கடிதங்கள் கடிதங்களாகப் போய்ச் சேராமல் வசனங்களாகப் போய்ச் சேர்ந்தன.

இதனால் மிகுதியாக இழப்புற்றது அன்பைப் பற்றிய போதனையே. கொரிந்தியருக்குப் பவுல் அப்போஸ்தலன் எழுதிய முதலாம் நிருபத்தின் 13-ஆம் அதிகாரம் நம் ஊர்க் கலியாணங்களில் மணமக்களுக்கு வாசிக்கப்படுவது. வாசிக்கட்டும், தகும். ஆனால் அதை எழுதியவர் முன்னே மணமக்கள் இருக்கவில்லை. பிளவுண்ட ஒரு சபை இருந்தது. 12-ஆம் அதிகாரமும் 14-ஆம் அதிகாரமும் என் வரம் பெரிது, உன் வரம் சிறிது என்று சச்சரவிடுவோரைக் கண்டிக்கின்றன. 11-ஆம் அதிகாரமோ இன்னும் கூர்மையானது: கர்த்தருடைய பந்திக்கென்று கூடிய இடத்தில் வசதியுள்ளவர் முந்திக்கொண்டு தம் உணவைத் தாம் உண்டு தீர்க்க, இல்லாதவர் பசியோடு வெட்கி நிற்கிறார்கள். அந்தப் பந்தியிலிருந்து பிறந்ததே அன்பின் அதிகாரம்.

பந்தியில் முந்துவதும் பிந்துவதும் தமிழனுக்கு விளக்க வேண்டிய விஷயமா? ஒரே கோயிலில் ஜாதிக்கொரு பக்கம் உட்கார்ந்து, ஒரே பாத்திரத்தை முன்னவரும் பின்னவருமாகப் பெற்ற சபைகள் இந்நாட்டில் இருந்தன. 1833-இல் பிஷப் டேனியல் வில்சன் ஜாதி வேற்றுமையைச் சபைக்குள் ஒழிக்கக் கட்டளை அனுப்பியபோது தஞ்சையிலும் வேப்பேரியிலும் பெருந்தொகையானோர் விலகிப் போனார்கள்; தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் போன்ற மகா வித்துவானும் அம்மாற்றத்தை ஏற்கவில்லை. 1847-இல் மதுரை அமெரிக்க மிஷன், தன் ஊழியர் யாவரும் ஜாதி பாராது ஒரே பந்தியில் உண்ண வேண்டுமென்று ஏற்பாடு செய்து, அதற்கு அன்பின் விருந்து என்று பெயர் வைத்தது. இணங்காதவர் பலர் விலக்கப்பட்டனர். கட்டளையிட்டவர்கள் அந்நியர் என்பதும், அவர்கள் முறை கடுமையானது என்பதும் உண்மையே. ஆயினும் 13-ஆம் அதிகாரத்தை 11-ஆம் அதிகாரத்தோடு சேர்த்து வாசித்தவர் யார் என்ற கேள்விக்கு, நம் மனச்சாட்சி அந்த அந்நியரையே சுட்டும்.

காஞ்சிபுரமும் அடங்கிய அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவில் இந்தப் போராட்டம் பள்ளிக்கூடத்திலும் வயலிலும் நடந்தது. ஸ்காத்லாந்து மிஷனைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் 1837-இல் சென்னையில் தொடங்கிய பள்ளிக்குக் காஞ்சிபுரத்திலும் செங்கற்பட்டிலும் கிளைகள் ஏற்பட்டன. தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளை வெளியேற்றச் சொல்லி மேல்ஜாதிப் பெற்றோர் நெருக்கியபோது, மாணவர் தொகை குறைந்தாலும் குறையட்டுமென்று அவர் இணங்காது நின்றார். அந்த நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டில் ஊழியம் செய்த ஆடம் ஆண்ட்ரூ, மிராசுதாரரின் கீழ்ப் படியாட்களாய் உழன்ற மக்களுக்குக் குடியிருக்கவும் பயிரிடவும் நிலம் வேண்டுமென்று இடைவிடாது வாதாடினார். மெல்ரோசாபுரம் என்ற குடியேற்றம் அவ்வுழைப்பின் விளைவு. 1891-இல் கலெக்டர் திரெமென்ஹீர் அம்மக்களின் நிலையைக் குறித்துச் சமர்ப்பித்த அறிக்கையும், 1892-இல் தரிசு நிலங்களை அவர்களுக்கு ஒதுக்க அரசாங்கம் பிறப்பித்த உத்தரவும் இதே ஜில்லாவின் சரித்திரம். உடையும் ஆகாரமும் இல்லாத சகோதரனைச் சுகமாய்ப் போ என்று வாயால் அனுப்பிவிடும் விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எழுதுகிறார். விசுவாசத்தைப் பற்றிப் பவுல் எழுதிய வரிகளை மட்டும் பொறுக்கி வைத்துக்கொள்கிறவன் யாக்கோபைத் தாண்டிப் போய்விடலாம். நிலமற்றவன் குடிசை வாசலில் நின்று வேதத்தை வாசிப்பவனால் தாண்ட இயலாது.

கொரிந்து நிருபத்துக்கே திரும்பினால், அன்பின் அதிகாரத்துக்கும் உயிர்த்தெழுதலைக் கூறும் 15-ஆம் அதிகாரத்துக்கும் பின்னர் அக்கடிதம் பணக் கணக்குக்கு வருகிறது. எருசலேமில் வறுமைப்பட்டிருந்த விசுவாசிகளுக்காக வாரத்தின் முதல் நாளில் அவரவர் தம் வரவுக்குத் தக்கபடி எடுத்துவைக்க வேண்டும் என்பது 16-ஆம் அதிகாரத்துத் தொடக்கம். அதை மேற்கோள் காட்டும் சுவரொட்டியை நாம் கண்டதில்லை. ஆனால் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, ஞாயிறுதோறும் கோயிலில் கொண்டுவந்து கொட்டும் கைப்பிடி அரிசிக் காணிக்கை நம் கிராமத்துக் கிறிஸ்தவப் பெண்களிடையே நீண்ட காலம் வழங்கி வந்தது; அவர்களுள் எழுதப் படிக்கத் தெரியாதவர் அநேகர்.