இறந்த எலியைத் தொடாத பால் பைத்தான்: பழக்குவது எப்படி?

ஃப்ரீசரில் இருந்து எடுத்த எலியை உங்க பால் பைத்தான் முன்னாடி வெச்சுட்டுக் காத்திருக்கீங்க. அது திரும்பிக்கூடப் பார்க்கல. 'பேசாம உயிரோட ஒரு எலியை விட்டுடலாமா?' என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம்.

உயிருள்ள எலி ஏன் வேண்டாம்?

காட்டில் பாம்பின் குறி தப்பினால் எலி ஓடிவிடும். கண்ணாடித் தொட்டிக்குள் ஓட இடமில்லை. பசியில்லாத பாம்போடு இரவு முழுக்க அடைபட்ட எலி, பாம்பையே கடிக்கத் தொடங்கும். கண் போகலாம், முதுகுச் சதை எலும்புவரை கிழியலாம். எலிக்கும் அது வேதனைதான்.

பாம்பு ஏன் மறுக்கிறது?

பிடிவாதம் இல்லை. பால் பைத்தானின் உதட்டோரம் இருக்கும் சிறு குழிகள் இரையின் உடல் சூட்டை உணரும். நாக்கு வாசனையைப் பிடிக்கும். சூடு, வாசனை, அசைவு மூன்றும் இல்லாத எலி அதுக்குச் சாப்பாடாகவே தெரியாது. அந்த மூன்றையும் நீங்கதான் கொடுக்கணும்.

முதலில் தொட்டியைச் சரிபாருங்க

சூடான பக்கம் 31-32 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25-27 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் அளவில் இருக்கட்டும். ஏ.சி. அறை என்றால் கூடுதல் கவனம் தேவை. இரண்டு பக்கமும் ஒளிய இடம் வேண்டும். புதிதாக வந்த பாம்பை ஒரு வாரம் தொடாதீங்க. கண் நீலம் பூத்திருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, அதுவரை பொறுங்க.

எலியைத் தயார் செய்வது எப்படி?

1. பாம்பின் உடலில் தடிமனான பகுதி எவ்வளவோ, எலியும் ஏறக்குறைய அவ்வளவு பருமன் போதும்.

2. கவரில் போட்டு மூடி, முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்க. பிறகு கவரோடு சூடான தண்ணீரில் 15-20 நிமிடம். உள்ளே ஐஸ் இருக்கக் கூடாது. மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். உள்ளே பாதி வெந்துவிடும்.

3. ஈரத்தைத் துடைத்து, ஹேர் டிரையரால் தலைப்பகுதியைச் சூடாக்குங்க. 38-40 டிகிரி போதும்.

4. பொழுது சாய்ந்ததும் விளக்கைக் குறைத்து, நீளமான இடுக்கியால் பிடித்து, எலி நடப்பதுபோல மெதுவாக அசையுங்க. முகத்தில் இடிக்காதீங்க.

5. கவ்விவிட்டதா? அசையாம இருங்க. கவ்வலையா? ஒளிவிடத்தின் வாசலில் இரவு வைத்துவிட்டு நகருங்க. காலையில் மிச்சமிருந்தால் குப்பையில் போடுங்க. மறுபடி ஃப்ரீசரில் வைக்காதீங்க. கையை சோப்பு போட்டுக் கழுவுங்க. சால்மோனெல்லா கிருமி பரவலாம்.

அப்பவும் மசியலையா?

படிப்படியாக மாற்றுங்க: முதலில் அப்போதுதான் கொல்லப்பட்ட, சூடு ஆறாத எலி, சில வேளைக்குப் பிறகு ஃப்ரீசர் எலி. இதுவரை சுண்டெலி தின்ற பாம்பென்றால், சுண்டெலிக் கூண்டின் மரத்தூளில் எலியைப் புரட்டி எடுக்கலாம். தினமும் முயன்றால் பாம்பு இன்னும் மிரளும். குட்டிக்கு வாரம் ஒரு முறை, வளர்ந்ததுக்கு 10-14 நாளுக்கு ஒரு முறை போதும். வீட்டில் பிடித்த எலியைக் கொடுக்காதீங்க. எலி மருந்து தின்றிருக்கலாம், புழுக்களும் இருக்கும்.

எப்போ கவலைப்படணும்?

ஆரோக்கியமான, வளர்ந்த பால் பைத்தான் மாதக்கணக்கில்கூடப் பட்டினி கிடக்கும். வாராவாரம் எடை பாருங்க. 10 சதவீதம் குறைந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்க. குட்டி என்றால் இன்னும் சீக்கிரமே. வாயைப் பிளந்து ஊட்டும் வேலை வீட்டில் வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம்மூர் மலைப்பாம்பு, நல்ல பாம்பு போன்றவற்றை வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தானை வைத்திருந்தால், 2024 விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.